டேஞ்சருக்கு மேலே ஒரு சொல்

ஆபத்தைச் சொல்வதற்கென்று ஏழு ஆங்கிலச் சொற்களைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் ஏணி போல எழுதிப் போடுவேன். அடிப்படியில் ரிஸ்க், நடக்கலாம், நடக்காமலும் போகலாம். அதற்கு மேல் ஹசார்ட். வழியில் கிடக்கும், நாம் மிதிக்கும்வரை அதன்பாட்டுக்குக் கிடக்கும். அப்புறம் டேஞ்சர். அதற்கும் மேலே ஜெப்பர்டி, பெரில். த்ரெட், மெனஸ் இரண்டையும் ஏணியில் ஏற்றாமல் பக்கத்தில் எழுதுவேன். அவற்றுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு ஆளோ, கெட்ட எண்ணமோ இருக்கும்.

ஓய்வு பெற்றபின் இந்த ஏணி என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. கேட்பதற்கு மனைவி மட்டும்தான். குக்கர் நான்காவது விசில் அடித்தால் டேஞ்சர். மாடிப்படியில் பாசி, ரிஸ்க். ஈரக்கையோடு கிரைண்டர் சுவிட்ச், டேஞ்சர். “இந்த வீட்டுல டேஞ்சர் இல்லாதது நீங்க ஒரு ஆளுதான். அதுவும் தூங்கும்போது” என்பாள்.

த்ரெட்டுக்கும் ஏற்பாடு செய்திருந்தேன். நாலு தெரு தள்ளி ஒரு வீட்டில் திருட்டு நடந்தபிறகு பின்வாசலைச் செங்கல் வைத்து அடைத்தேன். பதினோரு சன்னலுக்கும் கம்பி போட்டேன். முன் வராந்தாவையும் இரும்பு கிரில்லால் மூடினேன். உள்ளே வர ஒரே வழி. வெளியே போகவும் அதேதான் என்பது கொத்தனார் சொல்லித்தான் எனக்கு உறைத்தது. அப்போது அது பெரிய விஷயமாகப் படவில்லை.

போன ஐப்பசியில் ஒரு மாலை. மூன்று நாளாக விடாத மழை. மலைக் கணவாயில் புகுந்து வரும் காற்று வேறு. முற்றத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். மனைவி சர்ச்சில் பெண்கள் கூட்டத்துக்குப் போயிருந்தாள். வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். தென்னை மட்டை ஒன்று முறிந்து தெருவில் போகிற மின்கம்பிமேல் விழுந்தது. நீல வெளிச்சம் ஒன்று அடித்தது. கம்பி அறுந்து, மதிலைத் தாண்டி வந்து, எனக்கும் வெளிகேட்டுக்கும் நடுவே தண்ணீருக்குள் விழுந்து மறைந்தது. விழுந்த இடத்தில் மட்டும் தண்ணீர் சுடுகல்லில் தெளித்ததுபோலச் சீறிக்கொண்டிருந்தது.

கரண்ட் ஆபீசுக்குப் போன் செய்தேன். மூன்றாம் தடவை கிடைத்தது. “லைனை ஆஃப் பண்ணச் சொல்லுதேன் சார். பல இடத்துல விழுந்து கிடக்கு. அதுவரைக்கும் யாரையும் முற்றத்துல கால் வைக்க விடாதீங்க.”

யாரையும் என்றால் அவளைத்தான். கூட்டம் முடியும் நேரம். அவள் செல்போனுக்கு அடித்தேன். அது சாப்பாட்டு மேசையில் கிடந்து என் முதுகுக்குப் பின்னால் பாடியது. சர்ச்சுக்குப் போனைக் கொண்டுபோக மாட்டாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் மகனோடு துபாயில். வீடு பூட்டிக் கிடந்தது. பின்பக்கம் ஓடினேன். நான் கட்டச் சொன்ன செங்கல் சுவர், பூச்சு கூட உரியாமல் நின்றது. சன்னல் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தேன். ஒன்றில்கூடத் தலை நுழையாது. திரும்ப வராந்தாவுக்கு வந்தேன். கிரில்லைப் பிடித்துக்கொண்டு நிற்கவும் பயம். அதுவும் இரும்பு, அதுவும் நனைந்திருந்தது. கூண்டுக்குள் நின்று கம்பியைத் தொடாமல் தெருவைப் பார்த்தேன்.

குடை வந்தது. குடைக்குக் கீழே அவள்.

“ஏட்டி, நில்லு! உள்ள வராத!”

“என்னவாம், பாசியா?” கேட்டின் கொண்டியில் கை வைத்துவிட்டாள்.

“டேஞ்சர்டி! கரண்ட்டு!”

“காலையில கிரைண்டருக்கும் இதையேதான கத்தினிய. நனையுதுல்லா, கிரில்லைத் திறங்க.”

“டேஞ்சர்னு சொல்லுதேன்ல!”

“சரி, டேஞ்சரு. நான் மெள்ள வாறேன்.”

அந்த நேரத்தில் ‘கம்பி’ என்ற எளிய சொல் எனக்கு வரவில்லை. ஏணியின் உச்சிப் படிக்குத் தாவி, சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், “பெரில்!” என்று கத்தினேன்.

“அது என்ன, புதுசா?” என்று சிரித்தபடி கொண்டியைத் தூக்கினாள்.

ஏணியில் அதற்கு மேல் படி இல்லை. நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லலாமா என்று வாய்வரை வந்தது. சொன்னால் நிற்க மாட்டாள், ஓடி வருவாள். வேறென்ன சொன்னால் இவள் நிற்பாள்? அந்தக் கறுப்புக் குடையைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

“அது யாருக்க குடை?”

கை நின்றது. “என்னது?”

“நீ கொண்டுபோனது இது இல்ல. எவளுக்க குடையை எடுத்துட்டு வந்திருக்க?”

சர்ச் வாசலில் எல்லாக் குடையும் கறுப்பு. அடையாளத்துக்குப் பிடியில் ஆளுக்கொரு நிறத்தில் நூல் சுற்றி வைப்பார்கள். ஒருமுறை மாறிப்போன குடையைத் திருப்பிக் கொடுக்க, உச்சி வெயிலில், அதை விரிக்காமல் கையில் பிடித்தபடி சுசீந்திரம் வரை பஸ்ஸில் போய் வந்தவள் இவள். அடுத்தவர் பொருளோடு வீட்டுக்குள் நுழைய மாட்டாள். கேட்டை விட்டுவிட்டுத் தெருவுக்கு இறங்கி, பூட்டிய வீட்டின் சன்ஷேடுக்குக் கீழே ஒதுங்கி, குடையை மடக்கிப் பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“பச்சை நூல் கிடக்கே! எனக்கதுதான். கண்ணும் போச்சா உங்களுக்கு?”

“சரி. அங்கனயே நின்னு மேல பாரு. போஸ்ட்டுல எத்தனை கம்பி இருக்குன்னு எண்ணு.”

“இந்த மழையில எண்ணவா சொல்லுதிய?”

“எண்ணுட்டி.”

விரலை நீட்டி எண்ணினாள். “மூணு.”

“நேத்துவரை நாலு. மற்றது நீ நடந்து வர இருந்த தண்ணிக்குள்ள கிடக்கு.”

அவள் முற்றத்தைப் பார்த்தாள். பிறகு என்னை. வாயில் கை போனது. 

“நீங்க எங்கயும் தொட்டுராதிய” என்றாள், குரல் மாறி. “அந்த ஓரத்துல நிக்காதிய. கிரில்லுகிட்ட வராதிய. பின்னால போங்க. இன்னும் போங்க.” அவள் சொல்லச் சொல்ல நான் பின்னால் நகர்ந்தேன். முதுகு சுவரில் இடித்தது. “எங்கயாவது போய் உட்காரு, நனையாத” என்றேன். “உங்களை இங்க விட்டுட்டு நான் எங்க போவ?” என்றாள்.

இருட்டத் தொடங்கும்போது லைன்மேன் சைக்கிளில் வந்தார். தெருமுனையில் லைனை நிறுத்திவிட்டு வந்ததாகச் சொன்னார். தண்ணீரில் சீறல் இல்லை. அவர் கேட்டைத் திறந்து, முற்றத்தில் இறங்கி, கம்பியைக் கையால் தூக்கிக் காட்டினார்.

“ஒண்ணும் இல்லம்மா, வாங்க. சார், நீங்களும் இறங்கலாம்.”

நான் சுவரை விட்டு நகரவில்லை. அவள் சன்ஷேடை விட்டு நகரவில்லை.

“நீங்க வராதிய” என்றாள் தெருவிலிருந்து. “நானும் வரல்ல. கொஞ்ச நேரம் கழியட்டு.”

லைன்மேன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கம்பியைச் சுருட்ட ஆரம்பித்தார்.