பெரட்டுக்குப் பிந்திய குரல்

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் பெட்டி ஒன்றைச் செய்தோம். அதற்கென்று சொந்தமாக ஒரு இயங்குதளமும் எழுதினோம். அதன் அடிப்பகுதி முழுக்க என் கை. ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றவன் நான். போன் திருத்தும் கடையில் உட்கார்ந்துதான் நிரல் எழுதப் பழகினேன். திரையில் தெரிகிறதெல்லாம் கேம்பஸ் படித்த என் கூட்டாளியின் வேலை. அட்டனில் ஒரு ஹாட்வெயார் கடையின் மேல்மாடி, இரண்டு பேர், அதுதான் கம்பனி.

பெட்டி தமிழில் பேசும். கொழுந்துப் பையை மாட்டியதும் "எட்டு கிலோ இருநூறு" என்று வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் கேட்கச் சொல்லும். பிறகு யாரும் குறைத்து எழுத முடியாது.

"மச்சான், இத ஓப்பன் சோர்ஸ் ஆக்கிருவோம்டா" என்றான் கூட்டாளி. "ஒனக்குக் காய்ச்சல் வந்தா பெட்டிக்கும் காய்ச்சல் வருது. நாலு பேரு உள்ள பாக்கட்டும்."

"எவனாச்சும் தூக்கிட்டுப் போயிருவான்" என்றேன்.

பயம் அதுவல்ல. உள்ளே நான் வைத்திருந்த பெயர்கள்தான். பெட்டியைப் போட்டதும் ஒவ்வொரு நிரலும் வந்து ஆஜர் சொல்ல வேண்டும். அதற்குப் 'பெரட்டு' என்று பெயர் வைத்திருந்தேன், தோட்டத்தில் காலையில் ஆள் கூப்பிடுகிற மாதிரி. பிந்தி வந்தால் அன்றைக்கு வேலை இல்லை, லயத்து வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். அதையும் எழுத்துப் பிழையான இங்கிலீசில் எழுதியிருந்தேன்.

முதல்முறை பார்த்தபோது கூட்டாளி விழுந்து விழுந்து சிரித்தான். "ஏன்டா, ஸ்பீக்கருக்கும் பேரு கூப்புடுறியா?"

இவனே இப்படிச் சிரித்தால் ஊர் உலகம் எப்படிச் சிரிக்கும்? அந்த நினைப்பு என்னை விடவில்லை. அவன் கேட்ட நான்கு தடவையும் வேண்டாம் என்றேன். கடைசியில் கொழும்பில் வேலை கிடைத்துப் போனான். "பூட்டியே வச்சிக்க. ஒனக்கு ஒன்னுன்னா சாவி யாருகிட்ட?" என்று கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினான்.

அந்த வருடக் குளிரில், எங்கள் பெட்டியை வாங்கியிருந்த பட்டிப்பொல மலைத் தோட்டத்திலிருந்து அழைத்தார்கள். ரயிலேறிப் போனேன். பெட்டி நிறை காட்டியது, சத்தம் இல்லை.

"என்னா தம்பி, ஒங்க பெட்டிக்கு வாய் கட்டிருச்சா?" என்றார் வரிசையில் நின்ற ஒரு அக்கா. "எனக்கு நம்பர் வாசிக்கத் தெரியாதே. இந்தக் கணக்கப்புள்ள சொல்றத நம்பணுமா?"

அட்டனுக்குக் கொண்டுவந்து போட்டால் நன்றாகப் பேசியது. மேலே கொண்டுபோனால் ஊமை. ஸ்பீக்கர் மாற்றினேன், வயர் மாற்றினேன். இரண்டு மாதம் அலைந்தேன். ஒருவரிடமும் காட்டவில்லை. கூட்டாளியிடமும் கேட்கவில்லை. தோட்டம் வெளிநாட்டுப் பெட்டி வாங்கிவிட்டது. அது பேசாது.

இனிக் காப்பாற்ற எதுவும் இல்லை என்றான பிறகுதான் எல்லாவற்றையும் இணையத்தில் போட்டேன். யாரும் சிரிக்கவில்லை. மூன்றாவது வாரம் முகம் தெரியாத ஒருவர் தமிழில் எழுதியிருந்தார்: "குளிரில் பேட்டரி சோர்ந்தால் ஸ்பீக்கர் எழும்ப ஓரிரு விநாடி கூடும். நீங்கள் அதைப் பெரட்டுக்குப் பிந்தியது என்று திருப்பி அனுப்புகிறீர்கள். கொஞ்சம் காத்திருந்தால் என்ன?"

திருத்தம் ஒரே ஒரு வரி. பிந்திப் போனதற்காக அம்மாவைத் திருப்பி அனுப்பிய காலைகள் எனக்குத் தெரியும். கொழுந்துக் கூடைக் கயிற்றைத் தோளில் போட்டபடி பேசாமல் வந்து உட்காருவார். அந்தச் சட்டத்தைத்தான் என் கையாலேயே எழுதி வைத்திருந்தேன்.

கூட்டாளிக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

"நான் அன்னைக்குச் சிரிச்சது அந்தப் பேரு புடிச்சுப் போய்டா" என்றான்.

திருத்திய பெட்டியோடு மறுபடி பட்டிப்பொல போனேன். ஆபீசில் வேண்டாம் என்றுவிட்டார்கள். திரும்பும் வழியில் அந்த அக்கா என் கையில் பெட்டியைப் பார்த்து நின்றார்.

"இப்ப பேசுதா தம்பி?"

"பேசுதுங்க அக்கா."

"அப்ப ஏன் திருப்பிக் கொண்டு போறீங்க?"