தொண்டையில் குழாயா, முதுகில் ஊசியா?

"தொண்டையில குழாயா, முதுகுல ஊசியா? நீயா இருந்தா எதைச் சொல்லுவே?" உப்பு போட்ட வெந்நீரைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு அத்தை கேட்டார்.

அத்தை பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். குரலை வீட்டில் செலவழிக்க மாட்டார். மாமாவைச் சாப்பிடக் கூப்பிடவும் தட்டில் கரண்டியால் தட்டுவார். சண்டை வந்தாலும் கிசுகிசுப்புத்தான். "கத்தித் தொலையேன், எனக்கும் காது இருக்குன்னு தெரியட்டும்" என்பார் மாமா.

அத்தைக்குப் பித்தப்பையில் கல். எடுத்தே ஆக வேண்டும். முதுகில் குத்தினால் வயிறு எப்படி மரத்துப்போகும்? எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அத்தையை அருகில் வைத்துக்கொண்டு மயக்க மருத்துவரிடம் நானே கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். முழு மயக்கம் என்றால் மூச்சுக்காகத் தொண்டையில் குழாய். குரல் சில நாள் கம்மலாம். முதுகில் ஊசி என்றால் மார்புக்குக் கீழே உணர்வு இருக்காது. குழாய் வேண்டாம், விழித்தே இருக்கலாம்.

"ஆனா வயித்துல கேஸ் நிரப்பித்தான் ஆபரேஷன் பண்ணுவோம்மா. தோள்பட்டை வலிக்கலாம். தாங்கலைன்னா தூங்க வெச்சிடுவோம். சரியா?"

"நம்ம பொழப்பே தொண்டைதான் டாக்டர். முதுகுலயே குத்துங்க" என்றார் அத்தை.

உள்ளே நடந்ததைப் பிறகு செவிலியர் சிரித்துச் சிரித்துச் சொன்னார். எங்கே வலிக்கிறது என்று கேட்டதற்கு அத்தை, கூரையைப் பார்த்தபடி, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு, வலது தோளுக்கு வலி வந்து சேர்ந்துள்ளது" என்றாராம். கொஞ்ச நேரத்தில் அறிவிப்பு நின்றுவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தவர் கடைசியில், "முடியல, தூங்க வெச்சிடுங்க" என்றாராம். குழாய் உள்ளே போயிற்று.

கண் விழித்தவர் வாயைத் திறக்கவே இல்லை. கம்மல் சரியாகிவிடும் என்று மருத்துவர் சொன்னதும் காதில் ஏறவில்லை. "இதுக்கு அந்தக் கரண்டியே தேவலை" என்றார் மாமா. அத்தைக்குச் சிரிப்புகூட வரவில்லை.

குரலை நம்பிப் பிழைக்கும் யாராவது ஆபரேஷனுக்குத் தயங்கினால், மறுநாள் காலை நான் பார்த்ததை அவரிடம் சொல்லுங்கள்.

கடைசி நடைமேடையில் ஓர் ஆளை நிறுத்தி ஒலிபெருக்கியைச் சோதிப்பது அத்தையின் வழக்கம். கதவோரக் கட்டிலில் இருந்தபடி என்னை விரலாலேயே வராந்தா முனைக்கு விரட்டினார். போய் நின்றேன்.

"கேக்குதா?"

கரகரப்பு. ஆனாலும் அத்தையின் குரல்தான். கையைத் தூக்கினேன்.

அத்தைக்கு அது போதவில்லை. மாடிப்படிப் பக்கம் விரலை நீட்டி, இன்னும் தள்ளிப் போ என்று அசைத்தார்.