கை காட்டியும் நிற்காதவர்கள்

தாம்பரம் கோர்ட்டில் வக்கீலாக இருப்பதில் ஒரு சௌகரியம் உண்டு: போலீஸ் கை காட்டியும் வண்டியை நிறுத்தாமல் பறந்தவர்கள் எல்லோரும் கடைசியில் நடந்து வந்து என் எதிரில்தான் உட்காருகிறார்கள்.

ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு ஓட்டும் நண்பர்களே, உங்களைத் திட்ட வரவில்லை. காக்கிச் சட்டையைப் பார்த்தால் நானும் லைசென்ஸ் பையில் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பேன். நிற்காமல் போனதற்கு மட்டும் என்றால் அபராதத்தோடு போய்விடும். ஆனால் நிற்காமல் போகிறவர் யாரும் சும்மா போவதில்லை. தாறுமாறாக ஓட்டினால் அதற்கொரு பிரிவு, எதையாவது இடித்தால் இன்னொன்று, போலீஸ்காரர் மேலேயே பட்டுவிட்டால் ஜெயில் வரைக்கும் போகும். பெயர்களை மட்டும் மாற்றி, சிலரைப் பற்றிச் சொல்கிறேன்.

எல்லாம் இருந்தது

கார்த்திக் மேடவாக்கத்திலிருந்து ஓ.எம்.ஆருக்கு பைக்கில் வேலைக்குப் போகிறவர். ஒரு நாள் காலையில் போலீஸ் கை காட்டியதும் மனிதர் ஆக்சிலேட்டரை முறுக்கிவிட்டார். எதிர்ப்பக்கத்தில் புகுந்து, இளநீர் வண்டி ஒன்றைச் சாய்த்து, அடுத்த சிக்னலில் மாட்டிக்கொண்டார். நல்ல வேளை, இளநீர்க்காரருக்கு அடியில்லை.

என் மேஜை மேல் லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். எதிலும் குறையில்லை. ஹெல்மெட்டும் தலையில்தான் இருந்திருக்கிறது. "அப்புறம் ஏங்க ஓடுனீங்க?" என்று கேட்டேன். காகிதங்களை மறுபடி அடுக்கிக்கொண்டே சொன்னார்:

"எல்லாம் கரெக்டா இருக்குன்னு, மாட்டுனதுக்கு அப்புறம்தான் மேடம் ஞாபகம் வந்துச்சு."

தண்ணீர் லாரி

ஏழுமலை கோவிலம்பாக்கம் பக்கம் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். பள்ளிக்கூட நேரத்தில் லாரி வரக்கூடாத தெருவில் வந்திருக்கிறார். போலீஸ்காரர் நிறுத்தச் சொன்னார், இவர் நிறுத்தவில்லை. அவர் பைக்கில் பக்கத்திலேயே வந்து சத்தம் போட, இவர் தலையை ஆட்டிக்கொண்டே அபார்ட்மென்ட் வரைக்கும் போய், குழாயை மாட்டி, தொட்டியை நிரப்பிவிட்டுத்தான் இறங்கி வந்தார். அங்கே நாலு நாளாகத் தண்ணீர் இல்லையாம். பிறகு ஸ்டேஷனுக்கும் தானாகவே போய் நின்றார்.

குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டுவதில் அவருக்கு எந்த வருத்தமும் இல்லை. வழக்கில் எழுதியிருந்த ஒரு வார்த்தைதான் அவரை உறுத்தியது.

"வண்டியோட ஓடிட்டான்னு எழுதிக்கீறாங்கோ மேடம். ஃபுல் லோடு வண்டி இன்னா ஓடும்? போய்க்கினு இருந்தேன், அவ்ளோதான்."

ஞாயிற்றுக்கிழமைச் சொற்பொழிவு

எங்கள் குடியிருப்பு சங்கத்தில் ஒருமுறை சாலை விதிகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நானும் உற்சாகமாக எந்தக் குற்றத்துக்கு என்ன தண்டனை, லைசென்ஸ் எப்போது பறிபோகும் என்றெல்லாம் விளக்கினேன். எல்லோரும் கவனமாகக் கேட்டார்கள். சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றதும் முன்வரிசையிலிருந்து ஒரு ரிட்டயர்டு வங்கி மேனேஜர் எழுந்தார்:

"எல்லாம் ரொம்ப யூஸ்ஃபுல்லா இருந்துச்சு மேடம். கேமரா இல்லாத ரோடு எதுன்னு மட்டும் சொல்லலையே?"

ஸ்டீபனும் ஏட்டய்யாவும்

ஸ்டீபன் வாடகைக் கார் ஓட்டுகிறவர். லைசென்ஸைப் புதுப்பிக்காமல் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். கிழக்கு தாம்பரத்தில் ஒரு மத்தியானம் ஏட்டு செல்வம் கை காட்டியதும், பயத்தில் காரை வளைத்து எடுத்தார். செல்வத்தின் கால் மேல் சக்கரம் ஏறிவிட்டது. கொஞ்ச தூரம் போனபிறகு ஸ்டீபன் கண்ணாடியில் பார்த்தார். ஏட்டு ரோட்டில் கிடந்தார். அடுத்த வளைவில் காரைத் திருப்பிக்கொண்டு வந்து, அவரைத் தூக்கிப் பின்சீட்டில் படுக்கவைத்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, அங்கேயே கைதானார்.

போலீஸ்காரரைத் தடுக்க வேண்டுமென்றே காரை ஏற்றினார் என்பது வழக்கு. அது நிரூபணமானால் பத்து வருடம் வரை உள்ளே போகலாம். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாத அவர் மனைவி மேரி, வாய்தா தவறாமல் வராந்தாவில் வந்து உட்கார்ந்திருப்பார். என்னைப் பார்த்ததும் எழுந்து, தான் உட்கார்ந்த இடத்தை எனக்குத் தருவார். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கும்.

செல்வம் கோலை ஊன்றிக்கொண்டு சாட்சிக் கூண்டில் ஏறினார். அவர் ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் ஸ்டீபன் கதை முடிந்தது. நான் எழுந்தேன். "கார் உங்களை நோக்கி வந்ததா?" என்று கேட்டேன். "இல்லம்மா. ஸ்டியரிங்கை அந்தப் பக்கம்தான் ஒடிச்சாரு. நான்தான் குறுக்க காலை வெச்சேன்" என்றார். அரசு வக்கீல் உடனே எழுந்து, "அவர் ஓடினாரா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க" என்று மடக்கினார்.

வேண்டுமென்றே ஏற்றினார் என்ற குற்றம் நிற்கவில்லை. அஜாக்கிரதையாக ஓட்டிக் காலை உடைத்ததற்கு அபராதமும், அன்று கோர்ட் கலையும் வரை காவலும் விதித்தார்கள். லைசென்ஸைப் புதுப்பிக்கவும் சில மாதங்களுக்குத் தடை. சாயங்காலம் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு, ஸ்டீபன் மேரியோடு ரயில் நிலையத்தைப் பார்த்து நடந்தார். நானும் ஒரு காபி குடிக்கப் போனேன். அரசு வக்கீலுக்கு செல்வம் சொன்ன பதில் காதிலேயே இருந்தது:

"ஓடுனதும் இவருதான் சார், திரும்பி வந்து என்னைத் தூக்குனதும் இவருதான். எழுதுறதா இருந்தா ரெண்டையும் எழுதிக்குங்க."

நின்றிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும் விஷயம்தான் எனக்குச் சோறு போடுகிறது என்பதால், நீங்கள் எல்லோரும் ஒழுங்காக நின்றுவிட்டால் நான் வேறு பிழைப்புதான் தேட வேண்டும், பரவாயில்லை, நில்லுங்கள்.