என் பெயரில் ஆறு சிம்

யுத்தத்தின் கடைசி ஆண்டுகளில், கண்டியில், என் ஒருவன் பெயரில் ஆறு சிம் இருந்தன. இன்று சொன்னால் சிரிப்பார்கள். அன்று அது வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் கட்டிக்கொண்ட கதை. என் மடியில் ஆறு ஓணான்.

நகரத்தில், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் அப்போது வேலை செய்தேன். வெளிநாட்டுக்கு அழைப்பு எடுத்துக்கொடுப்பது, சிம் விற்பது, வெளிநாட்டுக்குப் பேசும் கார்ட் விற்பது. வீடு புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒற்றை அறைக் காம்பராக்களை வரிசையாக ஒட்டிக் கட்டிய கட்டடத்தில். அந்த லயத்தில் பாதிப் பேருக்கு அடையாள அட்டை கிடையாது. பிறப்புச் சான்றிதழில் அப்பன் பெயர் ஒரு மாதிரி இருக்கும், தோட்டத்துப் பதிவில் வேறு மாதிரி இருக்கும். அதைத் திருத்த அலையப் போனால் அன்றைய வேலை போய்விடும். அட்டை இல்லாதவருக்கு சிம் இல்லை. என்னிடம் அட்டை இருந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் என் பெயரில் எடுத்துக்கொடுத்தேன். அதில் எனக்குப் பெருமையும் கொஞ்சம் இருந்தது.

அதில் ஒன்று பக்கத்துக் காம்பராவில் இருந்த மாமிக்கு. சொந்த மாமி அல்ல, லயத்து முறையில் மாமி. அவருடைய மகள் குவைத்தில் வீட்டுவேலை செய்தாள்.

"ஒன் பேருல ஒன்னு எடுத்துக் குடுப்பா. அவ கொரலக் கேக்காம சோறு எறங்க மாட்டேங்குது" என்றார்.

லயத்தில் சிக்னல் விழாது. ஞாயிறு காலை மாமியின் மகன் தொலைபேசியை எடுத்துக்கொண்டு கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு மேலே உள்ள வளைவுக்கு ஏறுவான். மாமி மூச்சு வாங்கப் பின்னால் போவார். அழைப்பு வரும்போது திரையில் ஒரு ஞாயிறு நோர்வே இலக்கம் விழும், மறு ஞாயிறு கனடா இலக்கம் விழும். மகள் அங்கே கிடைக்கும் மலிவான கார்ட்டில் பேசுவாள். அந்த அழைப்புகள் இணையம் வழியாக எந்தெந்த நாட்டையோ சுற்றிக்கொண்டு வந்து, கடைசியாக நுழைந்த நாட்டின் இலக்கத்தைக் காட்டும். எங்கள் கடையில் தினமும் பார்த்த கூத்து அது.

அப்பா காலத்துக் கலவரத்தில் வந்தவர்கள் கத்தியோடும் பொல்லோடும் வந்தார்கள். தேயிலைச் செடிகளுக்குள் படுத்துக்கிடந்த அப்பா அவர்களில் இரண்டு பேரின் முகத்தை அடையாளம் கண்டதாகச் சொல்வார். என் காலத்தில் முகமே தேவைப்படவில்லை. பஸ்ஸில் விட்டுப்போன ஒரு பையும் எங்கிருந்தோ ஓர் அழைப்பும் போதும் என்றார்கள். பொத்தானை அழுத்தியவன் எந்த ஊரில் இருக்கிறான், காசு எந்த நாட்டிலிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. தெரியாததால் கையில் தொலைபேசி இருந்த தமிழன் எல்லாம் சந்தேகத்துக்கு உரியவன் ஆனான். என் தொலைபேசி அடித்ததும் பக்கத்துச் சீட்டுக்காரர் எழுந்து முன்னால் போனதைப் பார்த்திருக்கிறேன். கோபம் வந்தது. ஆனால் நானும் பஸ்ஸில் ஏறியதும் முதலில் சீட்டுக்கு அடியில்தான் குனிந்து பார்ப்பேன்.

பஸ் குண்டொன்று வெடித்த பிறகு, ஒரு காலையில் சிவில் உடையில் இரண்டு பேர் கடைக்கு வந்தார்கள். "மல்லி, கொஞ்சம் வந்துட்டுப் போங்க" என்று சிங்களத்தில் சொன்னார் மூத்தவர். மல்லி என்றால் தம்பி. அவ்வளவு மரியாதையாக யாராவது கூப்பிட்டால் இன்றும் நான் முதலில் வெளியே போகும் வழியைத்தான் பார்ப்பேன்.

பொலிஸ் நிலையத்தில் ஓர் அறையில் உட்கார வைத்தார்கள். பிளேன் டீ கூடத் தந்தார்கள். மேசையில் கத்தை கத்தையாகத் தாள்கள். என் ஆறு சிம்களும் யாரோடு, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் பேசின என்பது ஒன்று விடாமல் அதில் இருந்தது. என்ன பேசின என்பது மட்டும் இல்லை. நோர்வே இலக்கம் இருந்த ஒரு வரியில் மஞ்சள் கோடு இழுத்திருந்தார்கள். புலிகளுக்குக் காசு வரும் நாடுகளில் நோர்வேயும் ஒன்று என்பது அவர்கள் கணக்கு.

"இந்த நோர்வேக்காரன் யார்?" என்றார் அவர். "இந்த சிம் யார் கையில் இருக்கிறது?"

மாமியின் பெயரைச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவருடைய மகன்தான் அதைக் கொண்டு திரிவான் என்றும் சொன்னேன்.

விளக்கம் நாக்கு நுனியில் நின்றது. எனக்குச் சிங்களமும் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் ஓர் அழைப்பு எப்படி நாடு மாறி வருகிறது என்று விளக்கத் தெரிந்த தமிழனை அந்த அறையில் என்ன செய்வார்கள்? "உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?" என்பதுதான் அடுத்த கேள்வியாக இருக்கும். பயந்தேன். டீயைக் குடித்து முடித்தேன். மாலையில் என்னை விட்டுவிட்டார்கள்.

மறுநாள் மாமியின் மகனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். நாலாம் நாள் மாமி கடைக்கு வந்தார். "ஒனக்குச் சிங்களம் தெரியும்ல. கூட வந்து, அவ குவைத்துலதான் இருக்கான்னு ஒரு வார்த்த சொல்லேன்யா" என்றார். முதலாளி லீவு தரமாட்டார் என்றேன். நான் முதலாளியிடம் கேட்கவே இல்லை.

யுத்தம் முடிந்த பிறகு, வழக்கு எதுவும் போடாமல் அவனை வெளியே விட்டார்கள். ஏறக்குறைய மூன்று வருடம் உள்ளே இருந்திருந்தான். ஒரு நாள் கடைக்கு வந்து கதிரையில் உட்கார்ந்தான். மெலிந்திருந்தான். என் மேல் கோபமாக வந்திருப்பான் என்று நினைத்தேன். அவனுக்கு வேறொன்று தெரிய வேண்டியிருந்தது.

"நோர்வேல யாரு, நோர்வேல யாருன்னுதான் கேட்டுக்கிட்டே இருந்தானுங்கண்ணே. கேட்டுக் கேட்டு எனக்கே சந்தேகம் வந்துருச்சு. அக்கா குவைத்துன்னு பொய் சொல்லிட்டு வேற எங்கயோ, யார்கூடவோ இருந்தாளோன்னு. வெளிய வந்தும் அவகூட ஒரு வார்த்த பேசல. அம்மா அழுவுறாங்க. நீங்க இந்தக் கடையிலயே இருக்கீங்க, ஒங்களுக்குத் தெரியுமா?"

ஒரு பழைய கார்ட்டை மேசையில் வைத்து விளக்கினேன். கார்ட், இணையம், வழியில் வரும் நாடு, திரையில் விழும் இலக்கம். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அவன் அந்தக் கார்ட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அப்ப அக்கா பொய் சொல்லல."

"இல்லப்பா."

"இது ஒங்களுக்கு அன்னைக்கே தெரியுமாண்ணே?"

"தெரியும்" என்றேன்.