நாவல் மரத்தடியில் ஒரு தழை

மதியம் இரண்டே காலுக்குச் செய்தி வந்தது. மலர் அப்போது காப்புக்காட்டின் உச்சிப் பாறையில் இருந்தாள். அவள் வழிகாட்டி அழைத்து வந்த பன்னிரண்டு பேரும் பசியோடு அவளைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மணிக்கு வரவேண்டிய சாப்பாடு இன்னும் வரவில்லை.

"என்னக்கா, உங்க அண்ணன் வழியிலேயே சாப்பிட்டு முடிச்சுட்டாரா?" என்று பெங்களூர்க்காரர் ஒருவர் கேட்டார்.

"எங்கண்ணனுக்குத் தக்காளிச் சோறே ஆவாதுங்க. அதனாலதான் அவருகிட்டக் குடுத்து உடறது" என்றாள் மலர்.

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் ஃபோன் அடித்தது. கீழே எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருக்கும் தங்கராஜ்.

"மலரு, பக்கத்துல ஆராச்சும் இருக்காங்களா?"

"இருக்காங்க. சொல்லுங்க."

"உங்கண்ணன் அம்மாசிய ஓடை அடிச்சுக்கிட்டு வந்திருக்குது. எங்க எஸ்டேட்டு எல்லைல கெடக்கறாரு. உசுரு இல்ல கண்ணு."

"ஓடைக்கு அவரு எதுக்கு..." என்று தொடங்கியவள் பாதியில் நிறுத்தினாள். எதற்கு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

காலையில் அட்டைப்பூச்சி கடித்து அலறிய சரண்யா என்ற பெண் எழுந்து வந்து, "அக்கா, என்னாச்சு?" என்று தோளைத் தொட்டாள்.

"சோறு வராதுங்க. எறங்கலாம்" என்றாள் மலர்.

அம்மாசிக்கு ஐம்பத்திரண்டு வயது. கரடியூர்தான் சொந்த ஊர். காப்பித் தோட்டங்களில் நிழல் மரம் ஏறிக் கிளை கழிப்பது அவர் வேலை. இருபது வருடம் ஏறினார். ஒருநாள் சில்வர் ஓக்கிலிருந்து விழுந்து முழங்கால் போனது. மரம் ஏற முடியாதவருக்கு எஸ்டேட்டில் வேறு வேலை இல்லை. அதற்குள் மலர் காட்டு நடைக்கு வழிகாட்டத் தொடங்கியிருந்தாள். சாப்பாடு சுமக்க ஆள் வேண்டும் என்றபோது அண்ணனைக் கேட்டாள். தங்கையிடம் வேலை பார்ப்பதா என்று கூச்சப்படாமல் வந்தார். நொண்டிக்கொண்டே வந்தாலும் ஒருநாளும் தாமதித்ததில்லை. "பஸ் ஓடற ஊர்ல பஸ்ஸ உட்டுட்டு நடக்க வாராங்க பாரு. நல்ல சனம் மலரு, நல்லாப் பாத்துக்கோ" என்பார். முன்பு குடித்தவர்தான். மகள் தீபிகா ஐந்தாவது படிக்கும்போது, பள்ளிக்கூட விழாவுக்கு அப்பா வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அன்றோடு விட்டார். பத்து வருடம் ஆகிறது.

காட்டில் நடக்கிற அந்த மலைக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பாதை பிரிகிற இடத்தில் முன்னால் போகிறவர் ஒரு பச்சைக் கிளையை ஒடித்து, போகக்கூடாத பாதையின் குறுக்கே போடுவார். பின்னால் வருகிறவர் தழையைப் பார்த்து மற்றப் பாதையில் போவார். ஏன் என்று யோசிக்க வேண்டியதில்லை. காட்டெருமை நிற்கலாம், குளவி கலைந்திருக்கலாம். போட்டவர்தான் தழையை எடுக்க வேண்டும். வேறு யாரும் தொடமாட்டார்கள், என்ன காரணத்துக்குப் போட்டது என்று அவர்களுக்குத் தெரியாது அல்லவா.

நாவல் மரத்தடியில் பாதை இரண்டாகப் பிரியும். ஒன்று மேட்டு வழி, மற்றது ஓடை வழி. முந்தின நாள் சனிக்கிழமை மேட்டு வழியில் காட்டெருமை ஒன்று கன்றோடு நின்றது. மலர் அந்த வழியின் குறுக்கே தழை போட்டுவிட்டு, அன்று வந்தவர்களை ஓடை வழியாக அழைத்துப் போனாள். திரும்பும்போது மலையின் மறுபக்கம் குப்பனூரில் வேன் வந்து நின்றதால், நாவல் மரத்துக்கு வராமல் அப்படியே இறங்கிவிட்டார்கள். நாளைக்கு இதே வழியாகத்தானே வரப்போகிறோம், எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

அன்று இரவெல்லாம் ஐப்பசி மழை. ஞாயிறு காலை ஓடை பொங்கி ஓடியது. காட்டெருமையும் போய்விட்டிருந்தது. மலர் மேட்டு வழியில் திரும்பினாள். தன் தழை கிடப்பதைப் பார்த்தாள், எடுக்கக் குனிந்தாள். சரியாக அந்த நேரம் பின்னாலிருந்து சரண்யா, "ஐயோ அக்கா, காலெல்லாம் ரத்தம்!" என்று கத்தினாள். மலர் ஓடிப்போய் உப்பு வைத்து அட்டையை உதிர்த்தாள். மற்றவர்கள் தங்கள் கால்களையும் பார்த்துக் குதிக்க ஆரம்பித்தார்கள். சிரிப்பும் அலறலுமாக, பன்னிரண்டு பேரும் தழையைத் தாண்டிப் போனார்கள். மலரும் தாண்டினாள். பத்து மணிக்கு இன்னொரு மழை பிடித்து அவர்கள் கால்தடங்களைக் கழுவிவிட்டது.

பதினொன்றரைக்கு அம்மாசி அன்னக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அங்கே வந்திருப்பார்.

பகல் மூன்றரைக்கு மலர் பன்னிரண்டு பேரோடும் நாவல் மரத்துக்கு இறங்கி வந்தபோது தழை அப்படியே கிடந்தது. மழை அதை வாடவிடவில்லை. இலையெல்லாம் கழுவிவிட்ட பச்சை. பக்கத்துச் சேற்றில் ஒரு குதிகால் ஆழமாகப் பதிந்திருந்தது. நொண்டிக் காலின் தடம். அது ஓடைப் பக்கம் திரும்பியிருந்தது. மலர் தழையை எடுக்கக் குனிந்தாள். கை போகவில்லை. இவர்கள் எல்லாம் பார்க்கிறார்கள் என்று நிமிர்ந்து நடந்தாள்.

இழவு வீட்டில் அம்மாசியின் பெரியப்பா மகன் மாதேஷ் வாசலில் நின்று சத்தமாகவே சொன்னான். "இந்த மழைல ஓடைல எறங்குவானா தெளிவா இருக்கறவன்? ஊத்திக்கிட்டுத்தான் போயிருக்கான். உட்டுட்டேன்னு ஊரையே ஏமாத்துனான்."

"பத்து வருசமாத் தொடலீங்க! செத்தவர இப்படிப் பேசாதீங்க!" என்று அம்மாசியின் மனைவி கண்ணாயி முன்னால் வந்தாள். அவள் மலரின் கையைப் பிடித்து இழுத்தாள். "நீ சொல்லு மலரு. காலைல நம்மூட்டுலதான டீ குடிச்ச. தெளிவாத்தான இருந்தாரு?"

"தெளிவாத்தான் இருந்தாரு அண்ணி."

"அப்பறம் எதுக்கு அந்த வழியாப் போனாரு?"

தீபிகா சுவரோரம் உட்கார்ந்து அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போட்ட தழை, அதனால்தான் போனார். அவ்வளவுதான் சொல்ல வேண்டும். மலருக்கு வாய் திறந்தது. திறந்த வாயிலிருந்து அழுகைதான் வந்தது. வந்திருந்தவர்களில் பாதிப்பேர் மாதேஷ் சொன்னதையே நம்பிக்கொண்டு இறங்கிப் போனார்கள். தீபிகா கடைசியில், "அப்பா மறுபடியும் குடிக்கிறாருன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா அத்தை?" என்று மெல்லக் கேட்டாள். அதற்கும் மலர் தலையை மட்டும் ஆட்டினாள். அவர் குடிக்கவில்லை என்று ஆட்டினாளா, தனக்குத் தெரியாது என்று ஆட்டினாளா, அவளுக்கே புரியவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. தீபிகா சேலத்துக்குக் கல்லூரிக்குப் போய்விட்டாள். ஓடை வழியைக் கம்பி கட்டி மூடினார்கள். மலர் அதற்குப் பிறகு யாரையும் காட்டுக்கு அழைத்துப் போகவில்லை. இப்போது இன்னொரு வழிகாட்டி செபாஸ்டின்தான் போகிறார். போன வாரம் ஒண்டிக்கடை முக்கில் அவளைப் பார்த்தார்.

"மலரு, மேட்டு வழியில ஒரு தழை காஞ்சு கெடக்குதே, உன்னுதா? நாங்க ஆரும் தொடல. இப்ப அந்த ஒரு வழிதான இருக்குது, தாண்டித்தான் போய்ட்டு வாரோம்."

"என்னுதுதாங்க. எடுத்தர்றேன்" என்றாள்.

மார்கழி பிறந்துவிட்டது. தழை அங்கேயேதான் கிடக்கிறது.