தேவசகாயத்தின் கழுத்து

ஓரிக்கை தேவசகாயம் பள்ளி வேன் ஓட்ட வந்தபோது அவருடைய மகள் கைக்குழந்தை. இப்போது அவள் செங்கல்பட்டில் நர்சிங் படிக்கிறாள். இத்தனை வருடத்தில் ஒரு கீறல்கூட விழாமல் வண்டி ஓட்டியவர் என்று அவருக்குப் பெயர். தாத்தா காலம்வரை அடுத்தவர் கழனியில் கூலிக்கு நாற்று நட்ட குடும்பம் அது. அந்தக் குடும்பத்தில் முதன்முதலாக ஸ்டியரிங் பிடித்தவர் என்ற பெருமை அவருக்குள் இருந்தது. யாரிடமும் சொல்லிக்கொள்ள மாட்டார்.

சீட்டை நன்றாகப் பின்னுக்குச் சாய்த்து, முதுகை வளைத்து, தலையை மட்டும் முன்கண்ணாடியை நோக்கி நீட்டிக்கொண்டு ஓட்டுவது அவர் வழக்கம். பள்ளி விடும்வரை வாசலில் காத்திருக்கும்போது குனிந்து போனில் எதையாவது பார்த்துக்கொண்டிருப்பார். வலி முதலில் காலை எழுந்ததும் கழுத்தில் மட்டும் தெரிந்தது. பிறகு வலது தோள்பட்டைக்கு இறங்கியது. மனைவி சுகாசினி தைலம் தேய்த்துவிட்டு, "ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வாய்யா" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள். அவர் போகவில்லை. கழுத்து திரும்ப மறுத்தபோது உடம்பையே திருப்பிப் பார்த்தார். அதுவும் வலித்தபோது கண்ணாடியை மட்டும் பார்த்துச் சமாளித்தார்.

கோயில் உற்சவத்துக்காகத் தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருந்த ஒரு சாயங்காலம், கடைசிப் பிள்ளைகளை இறக்கிவிட்டு வேனைப் பின்னுக்கு எடுத்தார். பிள்ளைகள் வண்டிக்குப் பின்புறமாகத்தான் தெருவைத் தாண்டிப் போயிருந்தார்கள். மறுகணம் எதன் மீதோ இடித்து வண்டி நின்றது. இளநீர்கள் தெருவெங்கும் உருண்டன.

இளநீர் வண்டிக்கார எல்லம்மாள் கத்தியும் கையுமாக வந்தாள்.

"இன்னாப்பா, இம்மாம் பெரிய வண்டி நிக்கிது, கண்ணுக்குத் தெரியலயா?"

தேவசகாயம் இறங்கினார். எல்லம்மாளைப் பார்க்க அவர் தோளும் இடுப்புமாக முழுசாகத் திரும்பியதைப் பார்த்ததும் அவள் குரல் இறங்கியது.

"கழுத்து திரும்பலயா உனக்கு?"

"இல்லக்கா. ரொம்ப நாளா வலி."

"இப்படி வச்சிக்கினா பசங்கள ஏத்திக்கினு சுத்துற? எனக்கும் இப்படித்தான் இருந்துச்சி. குலை தூக்கித் தூக்கி தலையே நிமிர்த்த முடியல. பெரிய ஆஸ்பத்திரியில தேவிப்ரியான்னு ஒரு பொண்ணு பயிற்சி சொல்லிக் குடுக்குது. நாளைக்கே போ."

இளநீர் வண்டியின் சக்கரம் கோணிப்போயிருந்தது. அதை அவர் அன்றைக்கே பட்டறைக்குத் தூக்கிப்போய்ச் சரிசெய்து கொடுத்தார். ஆனால் வீட்டுக்கு வந்தபின்னும் அந்தப் பிள்ளைகள் கொஞ்சம் மெதுவாக நடந்திருந்தால் என்ற நினைப்பு விடவில்லை. வேன் உரிமையாளர் அஜிதநாதன் வீட்டுக்குப் போய் நடந்ததை மறைக்காமல் சொல்லிச் சாவியை நீட்டினார்.

மாகறல் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் வந்த ஜைனர் அஜிதநாதன். அதிகம் பேசமாட்டார். சாவியை வாங்கி மேஜைமேல் வைத்தார்.

"நீயே வந்து சொன்ன பாரு, அது போதும். கழுத்து சரியாகுற வரைக்கும் வேற ஆள் ஓட்டட்டும். நீ வண்டியிலயே வா. பசங்கள ஏத்தி இறக்கி விடு. வேலைய விட்டுட்டுப் போறேன்னு மட்டும் சொல்லாத."

ஆஸ்பத்திரியில் டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, எலும்பில் பெரிய கோளாறு இல்லை என்று பிசியோதெரபிக்கு அனுப்பினார். தேவிப்ரியா அவரைப் பக்கவாட்டில் நிற்கவைத்துப் போனில் ஒரு போட்டோ எடுத்துக் காட்டினாள். தன் தலை தோளைவிட்டு அவ்வளவு தூரம் முன்னால் நீட்டிக்கொண்டிருப்பதை தேவசகாயம் அன்றுதான் பார்த்தார்.

"காது தோளுக்கு நேரா இருக்கணும்ணா. தலை முன்னாடி போகப் போக, அதோட பாரத்தையெல்லாம் கழுத்துதான் தாங்குது."

சுவரில் முதுகைச் சாய்த்து நிற்கச் சொன்னாள். தலையைத் தூக்காமல், குனியாமல், தாடையை மட்டும் நேராகப் பின்னுக்கு இழுக்கவேண்டும்.

"ரெட்டைத் தாடை வருதும்மா," என்றார் வெட்கத்தோடு.

"வந்தாத்தான் சரியா செய்றீங்கன்னு அர்த்தம்."

தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் நெருக்குவது, கதவு நிலையில் கைகளை ஊன்றி நெஞ்சை விரிப்பது, கழுத்தை இரண்டு பக்கமும் நிதானமாகத் திருப்புவது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். "இழுக்கிற மாதிரி இருந்தா பரவால்ல. சுருக்குனு வலிச்சா நிறுத்திடுங்க. கை மரத்துப்போனா உடனே வந்துடணும்."

முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. இதெல்லாம் ஒரு வைத்தியமா என்று ஒருநாள் விட்டுவிட்டார். சுகாசினி விடவில்லை. காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "செஞ்சிட்டு வாங்கிக்க" என்றாள். பிறகு அவளும் பக்கத்தில் சுவரோடு நின்றுகொண்டாள். தையல் மிஷினில் குனிந்த கழுத்து அவளுக்கும்.

பிள்ளைகளை இறக்கிவிட்டு, கைபிடித்துத் தெருவைத் தாண்டவைக்கும் வேலை அவருக்குப் புதிது. கண்ணாடியில் மட்டுமே பார்த்த முகங்கள் பக்கத்தில் வந்து பேசின. எந்த வீட்டு வாசலில் யார் காத்திருப்பார்கள், எந்தப் பிள்ளைக்கு நாயைக் கண்டால் பயம் என்பதெல்லாம் அப்போதுதான் தெரிந்தது. சாவி கையைவிட்டுப் போன வருத்தம் மெல்லக் கரைந்தது.

மழைக்காலம் முடிந்த ஒரு காலையில், யாரோ கூப்பிட்ட குரலுக்கு அவர் திரும்பிப் பார்த்தார். கழுத்து மட்டும் திரும்பியது, தோள் அசையவில்லை. வலியும் இல்லை. கூப்பிட்டவர் என்ன கேட்டார் என்பதே காதில் விழாமல் அப்படியே நின்றார்.

மறுபடி ஓட்ட உட்காரும் முன்பு வேனையே ஆஸ்பத்திரி வாசலுக்குக் கொண்டுவரச் சொன்னாள் தேவிப்ரியா. சீட்டை நிமிர்த்தி முன்னுக்குத் தள்ளி, இடுப்புக்குப் பின்னால் சின்ன மெத்தை வைத்தாள். நேராக உட்காரவைத்து, அந்த உயரத்துக்கு உள்கண்ணாடியைத் திருப்பினாள்.

"கூன் போட்டா இதுல ரோடு தெரியாது. வண்டிக் கூரைதான் தெரியும். உடனே நிமிர்ந்துக்கோங்க. பின்னாடி எடுக்கும்போது மட்டும் கண்ணாடிய நம்பாதீங்க, திரும்பிப் பாருங்க."

"உனக்கு நான் இன்னாம்மா செய்யப்போறேன்," என்றார் அவர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் ஆராதனையில், கர்த்தர் செய்த நன்மையைச் சாட்சியாகச் சொல்ல விரும்புகிறவர்கள் வரலாம் என்று பாஸ்டர் அழைத்தார். இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட எழுந்திராத தேவசகாயம் எழுந்து மேடைக்குப் போனார்.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம். என் கழுத்த சரி பண்ணாரு. அவரு நேரா வரல. மொதல்ல ஒரு இளநி வண்டிக்கார அக்காவ அனுப்புனாரு. அவங்க வண்டிய இடிச்சவன் நான். அவங்க எனக்கு நல்லது சொன்னாங்க. அப்புறம் ஒரு ஓனர அனுப்புனாரு. சாவியக் குடுத்தவனுக்கு வேலையக் குடுத்தாரு. அப்புறம் ஒரு பொண்ணு. அதுக்கு என் பொண்ணவிட நாலஞ்சி வயசுதான் ஜாஸ்தி இருக்கும். எங்க வீட்டம்மாவும்தான். இவங்க எல்லாரையும் கர்த்தர் நல்லா வைக்கணும்."

சொல்லிவிட்டுக் கீழே வந்தபோது கண் கலங்கியிருந்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த சுகாசினி புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள்.

ஆராதனை முடிந்ததும் கூட்டம் கலையவில்லை. பாடகர் குழுவில் ஒருவருக்குக் கழுத்து வலியாம், வங்கியில் வேலை செய்கிற ஒரு பெண்ணுக்குத் தோள் வலியாம். அந்தப் பயிற்சியைக் காட்டச் சொல்லிக் கேட்டார்கள். தனக்குச் சொன்னதையே எல்லோருக்கும் சொல்ல முடியாது, ஆஸ்பத்திரியில் காட்டிக்கொள்ளுங்கள் என்று தேவிப்ரியாவின் பெயரைச் சொன்னார். ஆனாலும் அவர்கள் விடவில்லை. சுவரோரமாக நின்று தாடையை உள்ளே இழுப்பதை மட்டும் செய்து காட்டினார். ஒவ்வொருவராக வந்து பக்கத்தில் நின்றார்கள். அங்கியைக்கூடக் கழற்றாமல் பாஸ்டரும் வந்து வரிசையில் சேர்ந்துகொண்டார்.

"தலையத் தூக்காதீங்க பாஸ்டர்," என்றார் தேவசகாயம் மெதுவாக. "நேரா பின்னாடி இழுங்க. அவ்ளோதான்."