டோக்கன்

அம்மாவை மாங்காட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்த மூன்றாவது வாரம், பகலில் அவளுக்கு என்ன வேலை கொடுக்கிறார்கள் என்று பார்க்கப் போனேன். கூடத்தில் ஒன்பது பேரை வட்டமாக உட்கார வைத்து, மடியில் ஆளுக்கொரு தட்டு வைத்திருந்தார்கள். தட்டில் பிளாஸ்டிக் மணிகள். சிவப்பையும் மஞ்சளையும் பிரித்து வைக்க வேண்டும். மூளைக்கு வேலை இருந்தால் மறதி கொஞ்சம் மெதுவாக வரும் என்றார் மேலாளர்.

அம்மா தட்டைத் தள்ளிவிட்டாள். "இன்னா இது, பசங்க வெளையாடற சாமான்?"

அவளைக் கவனித்துக்கொள்ளும் அக்கா பூந்தமல்லியிலிருந்து தினமும் பஸ் ஏறி வருபவர். என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார். "ஆயா முன்னாடி இன்னா வேல பாத்துகினு இருந்துச்சு?"

அம்மா இருபத்திரண்டு வருடம் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஆடை கம்பெனியில் செக்கிங்கில் இருந்தாள். தைத்து வரும் சட்டைகளை மேஜையில் விரித்து, காலர், பொத்தான், தையல் விட்ட இடம் எல்லாம் பார்த்து அனுப்பும் வேலை. அதைச் சொன்னதும் அந்த அக்கா, "அப்போ நாலு சட்டை எடுத்துகினு வாயேன்" என்றார்.

வீட்டில் கிடந்த பழைய சட்டைகள் இருபதைக் கொண்டுபோய் மேஜையில் அடுக்கினேன். அம்மா எழுந்து நின்றாள். செக்கிங்கில் யாரும் உட்கார்ந்து வேலை செய்வதில்லை. விரல் காலரைப் புரட்டியது, பொத்தான் பட்டியில் கீழே இறங்கியது, பொத்தான் இல்லாத இடத்தில் நின்றது. "இது ரிஜெக்ட்" என்று தனியே போட்டாள். என் பெயர் மறந்துபோன அம்மா அன்று நிமிர்ந்து நின்று சிரித்தாள். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

பத்து நாளில் அக்காவிடமிருந்து போன் வந்தது. "ஆயா துணியிலயே போய்டுதும்மா. பாத்ரூமுக்குக் கூப்ட்டா வர மாட்டேங்குது."

டாக்டர் பார்த்துவிட்டு உடம்பில் ஒன்றுமில்லை என்றார். ஒருநாள் லீவு போட்டு அம்மாவின் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். பதினோரு மணி வாக்கில் காலை மாற்றி மாற்றி வைத்தாள். நெற்றி வியர்த்தது. கண் வாசலுக்கே போய்க்கொண்டிருந்தது.

"பாத்ரூம் போகணுமாம்மா?"

"டோக்கன் இல்லியே. அந்தப் பொண்ணு எடுத்துகினு போயிருக்குது. அது வரட்டும்."

"என்ன டோக்கன்?"

"கத்தாத. சூப்பர்வைசர் மேடம் கீறாங்க."

கம்பெனியில் அத்தனை பேருக்கும் ஒரே டோக்கன், அது கையில் இருந்தால்தான் பாத்ரூமுக்கு விடுவார்களாம். இத்தனை வருடத்தில் அவள் இதை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் பையை வாசலிலேயே போட்டுவிட்டுக் குளியலறைக்கு ஓடுவாள். நானும் தம்பியும் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிப்போம். அடிக்கடி நீர்க்கடுப்பு வரும். உடம்புச் சூடு என்று சொல்லி இளநீர் குடிப்பாள். நாங்களும் சூடு என்றே நம்பினோம்.

சட்டைகளை எடுத்துவிடச் சொன்னேன். அது இன்னும் மோசமாகப் போனது. "என்னிய வேலய உட்டுத் தூக்கிட்டாங்க, நான் இன்னா தப்பு பண்ணேன்?" என்று அழுதாள். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. திரும்பச் சட்டைகளை வைத்தோம். அக்கா அட்டையை வட்டமாக வெட்டி, "இந்தா ஆயா டோக்கன், போய்ட்டு வா" என்று நீட்டினார். "நீ யாரு குடுக்கறதுக்கு?" என்று அம்மா வாங்க மறுத்துவிட்டாள்.

அடுத்த நாள் ஆபீசிலிருந்து நேராகப் போனேன். கழுத்தில் இருந்த ஆபீஸ் அடையாள அட்டையைக் கழற்ற மறந்திருந்தேன். அம்மா அதைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், சட்டென்று விறைத்து நின்றாள். எனக்குப் புரிந்துவிட்டது. அக்காவிடமிருந்து அந்த வட்ட டோக்கனை வாங்கி நீட்டினேன்.

"போய்ட்டு வாங்க."

"தேங்க்ஸ் மேடம்" என்று கிட்டத்தட்ட ஓடினாள்.

இப்போது துணி நனைவது குறைந்துவிட்டது. என் அடையாள அட்டை மாதிரியே ஒன்று செய்து அக்காவைப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். "நான் மாட்டேன்மா. என்னாண்டயாவது ஆயா பயப்படாம இருக்கட்டும்" என்றார். அதனால் தினமும் ஆபீஸ் போகும் வழியில் பத்து நிமிடம் நான் போய் நிற்கிறேன். அன்றைக்கான டோக்கனைக் கொடுத்துவிட்டு வருகிறேன். என்னைக் கண்டதும் அம்மாவின் கை வேகமாகிறது. குறையைக் கவனிக்காமல் தவறவிட்ட சட்டையை மற்றவற்றுக்கு அடியில் ஒளிக்கிறாள்.

போன வாரம் பக்கத்தில் வந்து, தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். "மேடம், எம் பொண்ணுக்குக் காய்ச்சல். நாளைக்கு ஒரு நாள் லீவு வோணும்."

"எத்தனை நாள் வேணும்னாலும் எடுத்துக்கோங்க" என்றேன்.

அவள் நம்பவில்லை. என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அரை நாள் போதும் மேடம்" என்று சட்டைகளிடம் திரும்பிப் போனாள்.